ஒரு ரூமுக்கு நாலு பேர்

ஏப்ரல் 17, வியாழன்

காலையில் பட்டாசு முதலாளிகள் சங்கக் கூட்டம். நவநீதகிருஷ்ணனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். என்ன சாதனை? அரசுப் பள்ளிக்குக் குடிதண்ணீர் மெஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறானாம். மெஷின் இரண்டு முழம், அதன் மேல் அவன் பெயர்ப் பலகை மூன்று முழம். எல்லாரோடும் சேர்ந்து நானும் கைதட்டினேன். தட்டாவிட்டால் இந்தக் கனகசபாபதிக்கு வயிற்றெரிச்சல் என்பார்கள். வயிற்றெரிச்சல்தான், இல்லை என்று யார் சொன்னது?

தாயில்பட்டி பக்கம் நாற்பத்திரண்டு ரூம் வைத்துப் பட்டாசு கம்பெனி நடத்துகிறேன். வயசு அறுபத்தொன்று. இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு பொன்னாடை உண்டா? கழுத்தில் விழுந்ததெல்லாம் கல்யாண வீட்டுத் துண்டு.

நாமும் இளைஞர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆவுடைத்தாயிடம் சொன்னேன். "நல்லது செய்யணுமா, நவநீதன் அண்ணாச்சியவிடப் பெருசாச் செய்யணுமா? ரெண்டுல எதுன்னு சொன்னீகன்னா நானும் சேர்ந்து யோசிப்பேன்" என்றாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷம். என் பெண்டாட்டியிடம் ஒரு கேள்விக்கும் நேர் பதில் வாங்கியதில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

பெங்களூரில் இருக்கும் மகள் சுகிர்தா வழி சொன்னாள். அவள் ஆபீஸ் ஆட்களைக் காட்டுக்குக் கூட்டிப்போய், கயிற்றில் தொங்கவிட்டு, 'தலைமைப் பண்பு' வளர்த்து அனுப்புகிற ஒருத்தர் இருக்கிறாராம். பெயர் பிரபாகரன். "நம்ம தொழிலாளிக பிள்ளைகளுக்கு அதைச் செய்யலாமேப்பா" என்றாள். மூன்று நாள் முகாம். காரியாபட்டியில் நம் கொய்யாத் தோப்பு சும்மாதானே கிடக்கிறது. எங்கள் ஆட்களில் யாரும் இதுவரை செய்யாதது. தண்ணீர் மெஷினை எவன் வேண்டுமானாலும் வாங்கலாம். தலைவர்களை வாங்க முடியுமா?

போர்மேன் ஊர்க்காவலன் சாயங்காலம் பட்டியல் கொண்டுவந்தான். பதினொன்று, பன்னிரண்டு படிக்கிற பிள்ளைகள், இருபத்துநாலு பேர். முதல் பெயர் ஓவியா. தகப்பன் பெயர் பாலகுரு, இறந்துவிட்டார்.

"வேற பிள்ளையே கிடைக்கலையா உனக்கு?" என்றேன்.

"நல்லாப் படிக்கிற பிள்ளை அண்ணாச்சி."

சரி, இருக்கட்டும். 2013 செப்டம்பரில் ஒன்பதாம் நம்பர் ரூமில் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து அடைக்கும்போது தீப்பிடித்தது. ஒரு ரூமுக்கு நாலு பேர்தான் இருக்கலாம் என்பது சட்டம். நாலு பேர்தான் இருந்தார்கள். மூன்று பேர் ஓடி வந்துவிட்டார்கள், பாலகுரு வரவில்லை. ரெக்கார்டு அப்படித்தான். அவன் பெண்டாட்டி முருகம்மாளுக்கு அன்றிலிருந்து இன்றுவரை வேலை கொடுத்துக்கொண்டிருக்கிறேன், ஒரு தீபாவளிக்குக்கூடச் சேலை குறைவைத்ததில்லை.

இதையெல்லாம் இப்போது எதற்கு எழுதுகிறேன்? முகாமைப் பற்றித்தானே எழுத உட்கார்ந்தேன்.

மே 9, வெள்ளி

தோப்பில் முகாம் முதல் நாள். அக்னி நட்சத்திரம் தொடங்கி இன்று ஆறாவது நாள். ஆடு மாடே நிழலை விட்டு நகராத வெயிலில் இருபத்துநாலு பிள்ளைகளைத் திறந்த வெளியில் நிறுத்தியிருக்கிறேன். தலைவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள் என்று பிரபாகரன் சொல்கிறார். முப்பத்தைந்து வயசிருக்கும். டவுசரில் பதினொரு பை. எண்ணிவிட்டேன். ஒன்றிலும் ஒன்றும் இல்லை. பிள்ளைகளை 'லீடர்ஸ்' என்று கூப்பிடுகிறார். முதல் தடவை கூப்பிட்டபோது அதுகள் திரும்பி தங்களுக்குப் பின்னால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று பார்த்தன.

மத்தியானம் கூடாரம் அடித்தார்கள். நாலு கூடாரம், ஒன்றுக்கு ஆறு பேர். எல்லாரும் செருப்பை வெளியே கழற்றினார்கள். நுழைகிற முன்னால் கூடாரத்து இரும்பு முளையை ஒவ்வொருத்தரும் ஒரு தடவை தொட்டார்கள். எங்கள் ரூம் வாசலில் செம்புத் தகடு அடித்து வைத்திருப்போம், உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அம்மா அப்பா சொல்லிச் சொல்லி, பிள்ளைகளுக்கு எந்த வாசலைக் கண்டாலும் கை போகிறது. பிரபாகரன் அதைச் சாமி கும்பிடுகிறார்கள் என்று நினைத்துத் தானும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நாலு நாலு பேர் உள்ளே போனார்கள். மிச்சம் எட்டுப் பேர் வெயிலிலேயே நின்றார்கள்.

"இடம் இருக்கே, உள்ள போங்க லீடர்ஸ்."

"ஒரு ரூமுக்கு நாலு பேர்தான் சார்" என்றது ஒரு பிள்ளை. ஒல்லியாக, கண்ணாடி போட்டு. ஓவியா.

"இது ரூம் இல்லம்மா. டென்ட்."

அது குனிந்து கூடாரத்துக்குள் பார்த்தது. "எதுத்த வாசல் எங்கன சார் இருக்கு?"

கூடாரத்துக்கு ஒரு வாசல்தான். அது தெரிந்ததும் உள்ளே இருந்த பதினாறும் வெளியே வந்துவிட்டது. கடைசியில் இருபத்துநாலு பேரும் வேப்பமரத்தடியில் பாயை விரித்தார்கள். வாடகைக் கூடாரம் நாலும் கொய்யாப்பழம் வைக்க ஆச்சு.

பிரபாகரன் தாளில் ஏதோ 'எதிர்ப்பு மனநிலை' என்று எழுதினார். நான் விடுவேனா? "எதிர்ப்பு இல்ல தம்பி, எங்க கம்பெனி ஒழுக்கம்! நாலுன்னா நாலு. பிள்ளைக ரத்தத்துலயே ஊறியிருக்கு பாத்தீகளா?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். அந்தப் பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தது. சும்மாதான் பார்த்தது.

சீசனில் நாலு சில நாள் அஞ்சாகும். அதைப் போய் முகாமில் சொல்ல முடியுமா?

மே 10, சனி

இன்று மானம் போனது. என் மானம் மட்டும் இல்லை என்பது ஒரு ஆறுதல்.

பொழுது சாய்ந்ததும் நெருப்பு மூட்டி எல்லாரையும் சுற்றி உட்காரவைத்துப் பாட்டுப் பாட வேண்டுமாம். இந்தப் புழுக்கத்தில் நெருப்பு! விறகு அடுக்கினார்கள். பிள்ளைகள் ஐம்பது அடி தள்ளித்தான் உட்கார்ந்தார்கள். கிட்ட வாங்க, கிட்ட வாங்க என்று பிரபாகரன் கெஞ்சி இருபது அடிக்குக் கொண்டுவந்தார். உட்காரவும் இல்லை, குத்தவைத்திருந்தார்கள், ஒரு கால் முன்னால். அவர் கிட்டார் எடுத்தார். யாரோ விறகோடு ஒரு பச்சை மூங்கிலைப் போட்டிருந்திருக்கிறார்கள்.

டப் என்று ஒரு சத்தம்.

பிரபாகரன் கண்ணை மூடித் திறந்தபோது ஒருத்தர் இல்லையாம். இருபத்துநாலு பேரும் இருபத்துநாலு திசை. வேலி முள் தாண்டி, வாய்க்கால் தாண்டி. ஒருத்தரும் ஒருத்தர் கையைப் பிடிக்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. அப்படித்தான் எங்கள் ஊரில் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

நான் எங்கே இருந்தேன்? கண்மாய்க் கரையில். ஒரு கால் செருப்போடு. எப்போது ஓடினேன் என்று சத்தியமாகத் தெரியாது. டாக்டர் மாடிப்படி ஏறக் கூடாது என்று சொன்ன முழங்கால். பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு ஓவியா.

"நீங்களும் நல்லா ஓடுறீங்க சார்" என்றது.

சிரித்துவிட்டேன். அதுவும் சிரித்தது. அதோட அப்பன் சிரிப்பு. கீழ்வரிசைப் பல் ஒன்று கோணல்.

திரும்பி வந்தபோது பிரபாகரன் கிட்டாரைக் கட்டிப்பிடித்தபடி தனியாக உட்கார்ந்திருந்தார். எல்லாரும் திரும்பி வரும்வரை காத்திருந்தார். அப்புறம் சொன்னார்: "உங்க எல்லாருக்கும் ஆபத்து தெரியுது. ஆனா அவங்கவங்க தனியா ஓடுறீங்க. ஓடுறதுக்கு முன்னாடி ஒருத்தர் கை தூக்கினா மத்தவங்களும் தப்பிக்கலாம் இல்லையா?"

"சத்தம் வந்த பெறகு கை தூக்க நேரம் ஏது சார்?" ஓவியாதான். "சத்தம் வாறதுக்கு முன்னாலயே தூக்கணும்."

அந்த ஒரு பேச்சில் பிரபாகரனுக்கு மூன்று நாள் முகாமும் கிடைத்துவிட்டது. உடனே ஒரு விதி போட்டார். ஆபத்து என்று யாருக்குத் தோன்றினாலும் கை தூக்கலாம். தூக்கியதும் எல்லா வேலையும் நிற்க வேண்டும். காரணம் அப்புறம் கேட்கலாம். கை தூக்கியவரைத் திட்டக் கூடாது, எல்லாரும் கைதட்ட வேண்டும்.

நல்ல விதி என்று நான்தான் முதலில் தலையாட்டினேன். 

மே 11, ஞாயிறு

காலையில் பிரபாகரன் தென்னை மரத்தில் கயிறு கட்ட ஏறினார். ஆறு கை மேலே போனது. இறங்கிவிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். சாம்பார் வாளியை ஒரு பையன் தனியாகத் தூக்கினான், நாலு கை. கைதட்டல். தோப்பு முழுக்க இதே வேலை. ஆவுடைத்தாய் சமையலைப் பார்க்க வந்திருந்தாள். நான் மூன்றாவது வடையை எடுத்தபோது அவளும் கை தூக்கினாள்.

அப்புறம் வட்டமாக உட்காரச் சொன்னார். ஒவ்வொருத்தரும் செய்துவிட்டு மறைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். உண்மை சொல்கிறவன்தான் தலைவனாம். என்னையும் உட்காரவைத்துவிட்டார்கள். ஏழாம் வகுப்பில் மாங்காய் திருடியதைச் சொன்னேன். நல்ல கைதட்டல்.

எனக்கு அடுத்து ஓவியா.

"எங்கப்பா எறந்த அன்னைக்குச் சனிக்கிழமை. அவருக்கு லீவு. எனக்கு அஞ்சு வயசு. கலர் பென்சில் வேணும்னு மொத நாளெல்லாம் அழுதேன். விடிஞ்சு பாத்தா அப்பா இல்ல. வேலைக்குப் போயிட்டாங்க. பென்சிலுக்குத்தான் போயிருக்காங்க. இத எங்கம்மாட்டகூடச் சொன்னதில்ல."

யாரும் கைதட்டவில்லை. எப்படித் தட்டுவது?

பென்சிலா? அன்று காலை ஆறு மணிக்கு ஊர்க்காவலனைப் பைக்கில் அனுப்பி அவனைக் கூட்டிவரச் சொன்னதே நான்தான். வடக்கே போக வேண்டிய லோடு நின்றுகொண்டிருந்தது. முதலாளி ஆள் விட்டால் வராமல் இருப்பானா? பிள்ளை அழுதாலும் வந்திருப்பான், அழாவிட்டாலும் வந்திருப்பான்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தது. நான் தண்ணி குடிக்க எழுந்து போய்விட்டேன்.

சாயங்காலம் நிறைவு விழா. போட்டோக்காரர் வந்திருந்தார். பெரிய துணியில் உறுதிமொழி எழுதி, அதில் நான் கையைச் சாயத்தில் நனைத்துப் பதிக்க வேண்டும் என்றார்கள். கண்ணாடி காரில் இருந்தது. படிக்காமலே பதித்தேன். கைதட்டல் காதைப் பிளந்தது.

ஒன்பதாம் நம்பர் ரூமில் அன்று நாலு பேர். நாலு பேர்தான்.

மே 14, புதன்

துணியில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுதான் படித்தேன். 'ஆபத்து என்று யார் கை தூக்கினாலும் வேலை நிற்கும். கை தூக்கியவருக்குக் கைதட்டல்.' கீழே என் கை, என் பெயர், கம்பெனி பெயர். பார்க்க ஜோராகத்தான் இருக்கிறது. கம்பெனி கேட்டில் கட்டச் சொன்னேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. எங்கள் ஊரில் அடுத்த வருஷக் காலண்டர் இன்றுதான் வெளியே வரும். வழக்கமாக லட்சுமி படம் போடுவேன். இந்த வருஷம் நான், என் கை, இருபத்துநாலு பிள்ளைகள், கீழே அந்த உறுதிமொழி கொட்டை எழுத்தில். ஐயாயிரம் காலண்டர். எல்லாத் தொழிலாளி வீட்டுக்கும் ஒன்று. ஜனவரி வரைக்கும் யார் பொறுப்பது? இப்போதே ஆணியில் மாட்டச் சொல்லிவிட்டேன். நவநீதகிருஷ்ணனுக்கு நாலு அனுப்பினேன், வீட்டுக்கு இரண்டு, ஆபீசுக்கு இரண்டு.

"லட்சுமிய எறக்கிட்டு உங்களத் தூக்கி மாட்டிருக்கீக. பாத்துக்கிடுங்க" என்றாள் ஆவுடை.

செப்டம்பர் 8, திங்கள்

மழை. ஆகஸ்ட் கடைசியிலிருந்து மாற்றி மாற்றி மழை. மருந்து காயவில்லை, பூச்சட்டி காயவில்லை. தீபாவளிக்கு ஆறு வாரம். பெரிய ஆர்டர் பூச்சட்டிதான். வெள்ளிக்கிழமை லோடு ஏற்றாவிட்டால் வியாபாரி வேறு கம்பெனிக்குப் போய்விடுவான்.

ஊர்க்காவலனைக் கூப்பிட்டேன். "ரூமுக்கு ஒரு ஆள் கூட்டிப் போடு."

நின்றுகொண்டே இருந்தான்.

"என்னலே?"

"ஒம்பதாம் நம்பர்லயுமா அண்ணாச்சி?"

"ஏன், ஒம்பதுக்கு மட்டும் கொம்பா மொளச்சிருக்கு?"

போனான். செவ்வகமான சின்ன ரூம். நாலு பேர் நாலு மூலை. அஞ்சாவது ஆளுக்கு இடம் வாசல்படியை அடைத்துத்தான். இன்னொரு வாசல் இருக்கிறதே என்றால், அங்கே சரக்குத் தட்டு அடுக்கியிருக்கும். நாலு நாள்தானே. நாலு நாளில் என்ன ஆகிவிடும்?

செப்டம்பர் 10, புதன்

காலைத் தபாலில் சங்கத்துக் கடிதம். இளைஞர் நலனுக்காக எனக்குப் பொன்னாடை! இருபத்தெட்டாம் தேதி. இரண்டு தடவை படித்தேன். கண்ணாடி போட்டுத்தான்.

பதினோரு மணி இருக்கும், வெளியே கைதட்டல். முதலில் ஒரு ரூமில், அப்புறம் பக்கத்து ரூமில், அப்புறம் கம்பெனி முழுக்க. அடடா, ஆட்களுக்குச் செய்தி எட்டிவிட்டதே என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தேன். முகத்தில் சிரிப்பு வேறு. கும்பிடு போடக் கை இரண்டையும் சேர்த்தே வைத்திருந்தேன்.

ஒன்பதாம் நம்பர் வாசலில் முருகம்மாள் நின்றாள். வலது கையைத் தூக்கியபடி. மருந்து படிந்த கை, சாம்பல் நிறம். நாற்பத்திரண்டு ரூமும் வெளியே வந்து அவளைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருக்கிறது.

"என்ன முருகம்மா?"

"அஞ்சு பேர் இருக்கோம் மொதலாளி." கையை இறக்கவில்லை.

"கையக் கீழ போடு."

"காரணம் கேட்டுட்டீக, போட்டுருதேன்."

ஊர்க்காவலன் காதுக்கிட்ட வந்து, "காலண்டர்ல நீங்கதான் போட்டிருக்கீக அண்ணாச்சி" என்றான். என் கையைக் காட்டி என் கையையே முறுக்குகிறார்கள்! எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று எழுதக் கூசுகிறது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"சரி மொதலாளி" என்று தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நடந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை...

அவளைப் போகச் சொன்னது தப்பா? கம்பெனியை நான் நடத்துகிறேனா, காலண்டர் நடத்துகிறதா?

செப்டம்பர் 11, வியாழன்

நடத்துவது காலண்டர்தான்.

வேலைநிறுத்தமா என்றால் இல்லை. நாலு பேர் உட்கார்ந்தால் வேலை ஜரூராக நடக்கிறது. அஞ்சாவது ஆள் வாசல்படியில் உட்கார்ந்ததும் ஒரு கை மேலே போகிறது. கைதட்டல். அஞ்சாவது ஆள் எழுந்தால் கை இறங்குகிறது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. யாரைத் திட்டுவது, நாற்பத்திரண்டு ரூமையுமா? முகாமுக்குப் போன பிள்ளைகள் வீட்டுக்கு வீடு பாடம் நடத்தியிருக்கின்றன. பிரபாகரன் பிழைக்கத் தெரிந்தவர். வாங்கின சம்பளத்துக்கு மேலேயே வேலை செய்திருக்கிறார்.

முருகம்மாளும் கம்பெனி வேனில் வந்திருக்கிறாள்! கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். வரவேண்டாம் என்றேனே என்றால், "வேலைக்குத்தான் வர வேண்டாம்னீக" என்கிறாள்.

வீட்டில் ஆவுடை சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "அஞ்சாவது ஆள் உக்காந்தா ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றாள்.

"ஒண்ணும் ஆகாது."

"அப்ப நீங்க போய் உக்காருங்களேன்."

செப்டம்பர் 12, வெள்ளி

போய் உட்கார்ந்தேன்.

அப்படி ஒரு வீம்பு. எல்லாரையும் ஒன்பதாம் நம்பருக்கு முன்னால் கூப்பிட்டு, "ஒண்ணும் ஆகாதுங்குறேன், நானே உக்காருதேன், பாத்துக்கிடுங்க" என்றேன். வாட்ச், மோதிரம், போன், சாவி எல்லாவற்றையும் ஊர்க்காவலனிடம் கொடுத்தேன். செருப்பைக் கழற்றினேன். செம்புத் தகட்டைத் தொட்டேன். உள்ளே நாலு பேர், நாலு மூலை. எனக்கு இடம் வாசல்படிதான்.

தட்டை மடியில் வாங்கினேன். முதல் பூச்சட்டிக்கு மருந்து அடைத்தேன். கை பழகவில்லை, சிந்தியது. இரண்டாவது. மூன்றாவது. வேர்த்து ஊற்றியது. நாலு பேரும் வேலையைப் பார்த்துக்கொண்டே அடிக்கடி நிமிர்ந்து என் பக்கம் பார்த்தார்கள். முதலாளி எப்படி அடைக்கிறார் என்று பார்க்கிறார்கள் போல என்று நினைத்தேன்.

இல்லை. அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே பார்த்தார்கள். எந்தப் பக்கம் தாண்டலாம் என்று பார்த்தார்கள். இடது தோளா, வலது தோளா?

எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. பாலகுரு முகம் வந்தது. அவன் இதே படியில் இப்படித்தான் முதுகை வெளியே காட்டி உட்கார்ந்திருந்தான். அன்று சாயங்காலம் இன்ஸ்பெக்டர் கேட்டார், எத்தனை பேர் என்று. நான் விரல்களைக் காட்டினேன். கட்டைவிரலை மடக்கிக்கொண்டு.

என் கை மேலே போய்விட்டது. நான் தூக்கவில்லை. அதுவே போனது.

வெளியே ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் தட்டினார்கள். முதலாளி கை தூக்கினாலும் தட்ட வேண்டும் என்பது விதியில் இருக்கிறதே! எழுந்திருக்க முடியவில்லை, ஊர்க்காவலன்தான் கைலாகு கொடுத்துத் தூக்கினான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவனும்தானே பன்னிரண்டு வருஷமாக வாயை மூடிக்கொண்டு இருக்கிறான்.

நேரே புளியமரத்தடிக்குப் போனேன். முருகம்மாள் எழுந்து நின்றாள்.

"அங்கனதான் அவுகளும் உக்காந்திருந்தாக" என்றாள்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எதுத்த ரூம்ல நான்தானே இருந்தேன். மடியில தட்டோட அவுக எந்திரிக்கிறதுக்குள்ள நாலு பேரு அவுகளத் தாண்டி ஓடியாந்தாக. எண்ணுனேன்."

"பன்னெண்டு வருசமா ஏன் சொல்லல?"

"சொன்னா வேலை இருந்திருக்குமா மொதலாளி? பிள்ளைய வச்சுக்கிட்டு எங்க போவேன்?"

"ஓவியாவுக்குத் தெரியுமா?"

"எங்க தெரியும்? அது என்னமோ தன்னாலதான்னு நெனச்சுக்கிட்டுக் கெடக்கு. ஏன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது. இந்தா, காலேசுக்குப் போற வயசுலயும் கலர் பென்சில் வச்சிருக்க கடைப் பக்கம் போகாது."

வேலைக்கு வா என்றேன். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கூட்டிப் போட்ட ஆள் எழுந்துகொள்ள, நாலாவது ஆளாக.

லோடு பாதிதான் ஏறியது.

செப்டம்பர் 28, ஞாயிறு

பொன்னாடை போர்த்தினார்கள். நவநீதகிருஷ்ணன் கைதட்டினான். அவனுக்கு வயிற்றெரிச்சல் என்பது முகத்திலேயே தெரிந்தது. இந்த ஒரு காட்சிக்குத்தானே ஏப்ரலிலிருந்து பாடுபட்டேன். பத்து நிமிஷத்தில் கழற்றிவிட்டேன், கழுத்தெல்லாம் அரிப்பு. ஆவுடை அதைத் தையல் மெஷினுக்குப் போர்த்தி வைத்திருக்கிறாள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஊர் முழுக்கச் சத்தம். எங்கள் வீட்டில் வெடிப்பதில்லை. பன்னிரண்டு வருஷமாகவே இல்லை. யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

நவம்பர் 14, வெள்ளி

பிரபாகரன் போன். பிள்ளைகள் இன்னொரு முகாம் கேட்கிறார்களாம். தீபாவளி கழிந்து கம்பெனிக்கு ஒரு மாச லீவு, தோப்பும் மழையில் பச்சையாக இருக்கிறது, சரி என்றேன். இந்தத் தடவை அவர் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பாராம். நடத்தப்போவது ஓவியா. கூடாரம் வேண்டாம் என்றும், நெருப்பு வேண்டவே வேண்டாம் என்றும் அது எழுதிக் கொடுத்திருக்கிறது.

வக்கீலைப் போய்ப் பார்த்தேன். முழுக்கச் சொன்னேன். கேஸ் திரும்பக் கிளம்பலாம், லைசென்சுக்கே ஆபத்து வரலாம் என்றார். "பன்னெண்டு வருசம் கழிச்சு யாரு கேக்கப்போறா? வாயத் தொறக்காம இருங்க அண்ணாச்சி, அம்புட்டுத்தான்" என்றார். நல்ல வக்கீல். நல்ல யோசனை.

ஆவுடையிடம் வக்கீல் சொன்னதைச் சொன்னேன். என்ன செய்யட்டும் என்று கேட்டேன். வழக்கம்போல நேர் பதில் சொல்ல மாட்டாள் என்று நினைத்தேன். "சொல்லிருங்க" என்றாள்.

நவம்பர் 16, ஞாயிறு

காரியாபட்டி. ராத்திரி பெய்த மழையில் தரை ஈரம். பாய் போட்டு வட்டமாக உட்கார்ந்தோம். கொஞ்சம் தள்ளி ஆவுடையும் முருகம்மாளும் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். ஓவியா கையில் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு, பிரபாகரன் மாதிரியே தலையைச் சாய்த்து, செய்துவிட்டு மறைத்த ஒன்றைச் சொல்லுங்கள் என்றது. இடது பக்கமிருந்து ஒவ்வொருத்தராகச் சொல்லி வந்தார்கள். ஒவ்வொருத்தருக்கும் கைதட்டல்.

என் முறை வந்தது.

"மாங்காக் கதையச் சொல்லாதீங்க சார். போன தடவையே கேட்டாச்சு" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எழுந்து நின்றேன். உட்கார்ந்து சொல்ல முடியாது என்று தோன்றியது.

"ஒம்பதாம் நம்பர் ரூம்ல அன்னைக்கு அஞ்சு பேர் இருந்தாங்க. நாலுன்னு இன்ஸ்பெக்டர்ட்ட சொன்னது பொய். அஞ்சாவது ஆள் பாலகுரு. லீவுல இருந்தவன ஆள் விட்டுக் கூப்பிட்டது நான். வாசல்படியில உக்காரச் சொன்னதும் நான். கலர் பென்சிலுக்காக அவன் வரல, தாயி."

தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. யாரும் கைதட்டவில்லை.

ஓவியா என்னையே பார்த்தது. அப்புறம் அம்மாவைப் பார்த்தது. முருகம்மாள் தலையை ஆட்டினாள். பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் தாவணியில் துடைத்தது, போட்டுக்கொண்டது, மறுபடியும் கழற்றியது. கையிலிருந்த தாளில் என் பெயருக்கு நேரே ஏதோ குறித்தது. என்ன குறித்தது என்று தெரியவில்லை.  எனக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை பக்கம் திரும்பியது.

"அடுத்தவங்க" என்றது.